காவிரிப் படுகையின் சமகால அரசியலும் சமூகமும்

காவிரிப் படுகை என்பது காவிரியும் அதன் கிளையாறுகளும் வங்கக் கடலில் கலக்கும் முன் தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதியில் உருவாக்கியுள்ள வண்டல் சமவெளி ஆகும். மக்கள் வழக்கில் இது டெல்டா என்றும், பழைய வழக்கில் சோழ நாடு என்றும் அழைக்கப்படுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்கள் இதன் மையப் பகுதியாகும். திருச்சிராப்பள்ளி, அரியலூர், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலும் இதனோடு இணைந்தவை. நெல்லே முதன்மைப் பயிராதலால் இப்பகுதி தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது.

இப்படுகையின் அரசியலை இரண்டு கேள்விகள் நெடுங்காலமாக வழிநடத்தி வருகின்றன. ஒன்று, ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்பது. இது பெரும்பாலும் படுகைக்கு வெளியே முடிவாகிறது. மற்றொன்று, அந்நீர் பாயும் நிலம் யாருடையது, அதில் உழைப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது. இது படுகைக்கு உள்ளேயே எழுவது. முதற் கேள்வி நிலவுடைமையாளர், குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் ஆகிய அனைவரையும் ஓரணியில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி அவர்களைப் பிரிக்கிறது. விவசாயி என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பது இவ்விரண்டும் சந்திக்கும் இடமாகும்.

புவியியலும் பாசனமும்

கருநாடக மாநிலம் குடகு மாவட்டத்தில் உள்ள தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது. ஏமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி முதலியன இதன் துணையாறுகள். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பகிரப்பட, மிகுதி நீர் கொள்ளிடத்தில் விடப்படுகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழனாறு, திருமலைராசனாறு எனப் பல ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் எண்ணற்ற வாய்க்கால்களும் வயல்களுக்கு நீர் கொண்டு செல்கின்றன.

கல்லணை சோழ மன்னன் கரிகாலனால் கட்டப்பட்டதாக மரபு கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் அமைத்தார். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்டது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.) அதே காலத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களைப் புதிதாகப் பாசனத்திற்குள் கொண்டு வந்தது. இன்றும் மக்கள் அதனைப் புது ஆறு என்றே அழைக்கின்றனர்.

நெற்சாகுபடி மூன்று பருவங்களில் நடைபெறுகிறது.

- குறுவை: சூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும் குறுகிய காலப் பயிர். ஏறத்தாழ 105 முதல் 120 நாட்கள்.
- சம்பா: ஆகத்து மாதம் தொடங்கிச் சனவரியில் அறுவடையாகும் நீண்ட காலப் பயிர்.
- தாளடி: குறுவை அறுவடையான அதே வயலில், அடுத்ததாக நடப்படும் பயிர்.

மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறந்து சனவரி 28ஆம் நாள் மூடுவது மரபு. போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப் போகிறது. 2011ஆம் ஆண்டு சூன் 6 அன்று முன்கூட்டியே திறக்கப்பட்ட அணை, அதன் பின் 2020ஆம் ஆண்டில்தான் மீண்டும் உரிய நாளான சூன் 12 அன்று திறக்கப்பட்டது. 2022இல் மே 24 அன்றும், 2024இல் சூலை 28 அன்றும் திறக்கப்பட்டது. ஓர் ஆண்டில் குறுவை உண்டா இல்லையா என்பதை இந்த நாளே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

படுகைக்கு உள்ளேயும் நீர் சமமாகக் கிடைப்பதில்லை. கல்லணைக்கு அருகிலுள்ள தலைப்புப் பகுதிகளுக்கு நீர் விரைவில் சேர்கிறது. நிலத்தடி நீரும் நன்னீராக இருப்பதால் ஆழ்துளைக் கிணறு உள்ளவர் ஆற்றுநீர் வருமுன்னரே நாற்று விட முடிகிறது. கடலோரக் கடைமடைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. தூர் வாரப்படாத வாய்க்கால்களில் நீர் வந்து சேரப் பல நாட்கள் ஆகின்றன. ஒரே அணைத்திறப்பு தலைப்பில் விளைச்சலையும் கடைமடையில் காத்திருப்பையும் தரக்கூடும்.

காவிரி நீர்ப் பிணக்கு

சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமத்தானத்திற்கும் இடையே 1892, 1924ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் காவிரி நீர்ப் பயன்பாட்டை முறைப்படுத்தின. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சில விதிகள் 50 ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வுக்கு உரியவை. ஒப்பந்தமே 1974இல் காலாவதியாயிற்று என்பது கருநாடகத்தின் வாதம். காலாவதியாகவில்லை என்பது தமிழ்நாட்டின் வாதம். பழைய பாசனப் பரப்புக்கு முன்னுரிமை என்ற கோட்பாட்டைப் படுகை உழவர்கள் முன்வைக்க, தங்கள் நிலத்தில் பெய்யும் மழையைப் பயன்படுத்த விடாமல் காலனி ஆட்சி தடுத்துவிட்டது என்பது மண்டியா, மைசூர்ப் பகுதி உழவர்களின் குறையாக இருந்து வருகிறது.

1983இல் தஞ்சைப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. இவ்வழக்கில் 1990 மே மாதம் நீதிமன்றம் இட்ட ஆணையை அடுத்து, 1990 சூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. மாநில அரசுகளுக்கிடையிலான பிணக்காக அறியப்படும் ஒன்றில், நடுவர் மன்றத்திற்கு வழி திறந்தது உழவர் மனு என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் பிந்திய நிகழ்வுகள் பின்வருமாறு:

- 1991 சூன் 25: தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு திசம்பரில் பெங்களூரிலும் தென் கருநாடகத்திலும் தமிழருக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தது.
- 2007 பெப்ரவரி 5: இறுதித் தீர்ப்பு. மொத்தம் 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டுத் தமிழ்நாட்டிற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 14 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கும் தவிர்க்க முடியாமல் கடலிற் சேர்வதற்கும் உரியது.
- 2013 பெப்ரவரி: இறுதித் தீர்ப்பு நடுவண் அரசிதழில் வெளியிடப்பட்டது.
- 2016 செப்டம்பர்: உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பெங்களூரில் மீண்டும் வன்முறை.
- 2018 பெப்ரவரி 16: உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. எனக் குறைக்கப்பட்டு, கருநாடகத்தின் பங்கு 284.75 டி.எம்.சி. என உயர்த்தப்பட்டது. படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் கொள்ளப்பட்டதும், பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகத் தரப்பட்டதும் இதற்குக் காரணங்கள்.
- 2018 சூன்: காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. இதற்கு முன்னர், வாரியம் அமைக்கக் கோரி 2018 ஏப்ரலில் தமிழ்நாடெங்கும் போராட்டங்கள் நடந்தன. சென்னையில் நடக்கவிருந்த ஐ.பி.எல். துடுப்பாட்டப் போட்டிகள் புனேக்கு மாற்றப்பட்டன.

மாதவாரிப் பங்கீடு

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, இயல்பான மழை பெய்யும் ஆண்டில் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் வந்து சேர வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. ஆகும். இதன் மாதப் பங்கீடு (டி.எம்.சி.யில்):

- சூன்: 9.19
- சூலை: 31.24
- ஆகத்து: 45.95
- செப்டம்பர்: 36.76
- அக்டோபர்: 20.22
- நவம்பர்: 13.78
- திசம்பர்: 7.35
- சனவரி: 2.76
- பெப்ரவரி முதல் மே வரை: மாதம் 2.50

குறுவைக்கு நாற்று விட்டு நடவு செய்யும் சூன் மாதத்தில் வர வேண்டியது 10 டி.எம்.சி.க்கும் குறைவு என்பது இதிலிருந்து விளங்கும். எனவே தீர்ப்பு முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டாலும், முந்தைய ஆண்டின் நீர் மேட்டூரில் எஞ்சியிருந்தால் மட்டுமே உரிய நாளில் அணையைத் திறக்க இயலும். மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எவ்வாறு பங்கிடுவது என்பதே தொடர்ந்து பிணக்குக்கு இடமாகிறது. 2023இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது படுகையில் குறுவைப் பயிர் பல இடங்களில் கருகியது. நீர் திறப்பதை எதிர்த்துச் செப்டம்பர் இறுதியில் கருநாடகத்திலும், நீர் கோரி அக்டோபரில் படுகை மாவட்டங்களிலும் முழு அடைப்பு நடந்தது.

காவிரியின் குறுக்கே மேக்கேதாட்டு என்ற இடத்தில் கருநாடகம் முன்மொழிந்துள்ள அணைக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2018இலும் 2022இலும் தீர்மானங்கள் நிறைவேற்றியது.

உழவர்களிடையே உரையாடல்

2003ஆம் ஆண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எசு. சனகராசன் முதலியோரின் முயற்சியால், இரு மாநில உழவர்களும் நேரில் பேசும் காவிரிக் குடும்பம் என்ற அமைப்பு உருவாயிற்று. படுகையின் உழவர் தலைவர் மன்னார்குடி எசு. ரங்கநாதன் இதில் முதன்மைப் பங்காற்றினார். இரு தரப்பினரும் ஒருவர் வயலை மற்றவர் சென்று கண்டனர். இம்முயற்சி பங்கீட்டு உடன்பாடாக முடியவில்லை. எனினும் அணைநீரை நம்பிய நெல், கடன், மழை பொய்த்தல் ஆகியவை இரு புறமும் ஒத்த சிக்கல்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது.

நிலமும் உழைப்பும்

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலம் மிராசுதாரர்கள், கோயில்கள், மடங்கள் ஆகியோரிடம் பெருமளவு குவிந்திருந்தது. நிலத்தை வேலி, மா எனும் அளவுகளால் அளந்தனர். 20 மா கொண்டது ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ 6⅔ ஏக்கர். வயலில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்கள் ஆவர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்திலோ மூன்றில் ஒரு பங்கினர். இம்மாவட்டங்களின் அரசியலைப் புரிந்து கொள்ள இவ்வெண் இன்றியமையாதது.

1940களில் மன்னார்குடி அருகேயுள்ள தென்பரை முதலிய ஊர்களில் பொதுவுடைமை இயக்கத்தினர் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் இதன் தலைவர்களுள் முதன்மையானவர். சாணிப்பால் புகட்டுதல், சவுக்கடி ஆகிய தண்டனைகளுக்கு எதிராகப் பண்ணையாட்களை அவர் அணிதிரட்டினார். திராவிடர் கழகமும் இப்பகுதியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியது.

இப்போராட்டங்களை அடுத்து இயற்றப்பட்ட சட்டங்களுள் முக்கியமானவை:

- 1952: தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்.
- 1955: சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அடுத்த ஆண்டில் நியாயக் குத்தகைச் சட்டம்.
- 1961: நில உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்ற வரம்பு 1970இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.
- 1969: விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். இது கீழைத் தஞ்சைப் பகுதிக்கென இயற்றப்பட்டது.
- 1971: குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டம்.

இவற்றின் விளைவுகள் கலவையானவை. பண்ணையாளுக்குப் பாதுகாப்பளித்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்க்கும் பொருட்டு, நிலையான ஆட்களை விலக்கி நாட்கூலிக்கு ஆள் அமர்த்தும் வழக்கம் பெருகியது. உச்சவரம்பைத் தவிர்க்க நிலங்கள் உறவினர் பெயரிலும் அறக்கட்டளைகள் பெயரிலும் எழுதி வைக்கப்பட்டன. மறுபுறம், குடியிருக்கும் மனையிலிருந்து எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைந்தது. கூலி கேட்பவரின் பேரம் பேசும் வலிமையை இது உயர்த்தியது.

கீழ்வெண்மணி

1960களில் பசுமைப் புரட்சித் திட்டங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் முன்னதாகவே நடைமுறைக்கு வந்தன. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் இரகங்கள் விளைச்சலைப் பெருக்கின. பெருகிய விளைச்சலில் தமக்கும் பங்கு வேண்டும் எனத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். நிலவுடைமையாளர் மறுத்து, வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்ய முனைந்தனர். இம்மோதலின் உச்சமாக 1968 திசம்பர் 25 இரவு, நாகப்பட்டினத்திற்கு அருகேயுள்ள கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றில் புகலடைந்த 44 தாழ்த்தப்பட்ட மக்கள் தீக்கிரையாக்கப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. ஆண்டுதோறும் திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்நிகழ்வுக்குப் பின் இப்பகுதிக்கு வந்த சர்வோதய இயக்கத்தினரான சங்கரலிங்கம் செகந்நாதன், கிருட்டிணம்மாள் செகந்நாதன் இணையர், 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினர். விற்பனைக்கு வந்த நிலங்களை வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் பிரித்து வழங்கினர். கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகளுக்கு எதிராகச் செகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பரில் தீர்ப்பளித்தது. இவ்விணையருக்கு 2008இல் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது.

கட்சி அரசியல்

மாநிலத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் திராவிட முன்னேற்றக் கழகமும் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகமும் முதன்மைக் கட்சிகளாக இருந்து வந்துள்ளன. எனினும் பொதுவுடைமைக் கட்சிகளின் செல்வாக்கு மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளைவிட இங்கு நெடுங்காலம் நீடித்தது. நாகப்பட்டினம் (தனி) மக்களவைத் தொகுதியில் இந்தியக் கம்யூனிசுட்டுக் கட்சியின் மு. செல்வராசு 1989, 1996, 1998, 2019ஆம் ஆண்டுகளில் வெற்றி பெற்றார். 2024இல் அதே கட்சியின் வை. செல்வராசு வென்றார்.

ஐந்து முறை முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி திருக்குவளையில் பிறந்தவர். அவர் 1957இல் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையிலும், 1962இல் தஞ்சாவூரிலும், 2011, 2016 தேர்தல்களில் திருவாரூரிலும் வென்றார். 1996இல் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கிய கோ. க. மூப்பனாரும் தஞ்சைப் பகுதியினரே. காவிரிக்காக முதலமைச்சர் செ. செயலலிதா 1993 சூலையில் சென்னைக் கடற்கரையில் உண்ணாநோன்பு இருந்தார். மு. க. சுடாலின் 2018 ஏப்ரலில் முக்கொம்பிலிருந்து காவிரி உரிமை மீட்புப் பயணம் மேற்கொண்டார்.

நீர் உரிமை குறித்துத் தமிழ்நாட்டுக் கட்சிகளிடையே வேறுபாடு மிகக் குறைவு. போட்டி, அதனை வென்றெடுத்தவர் யார் என்பதில்தான். கூலி, குத்தகை, கோயில் நிலம் ஆகியவற்றில் கட்சிகளின் நிலைப்பாடுகள் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறுபடுகின்றன. தேர்தல் மேடைகளில் முன்னது பெரிதாகவும் பின்னது சிறிதாகவும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எரிபொருள் திட்டங்களும் வேளாண் மண்டலமும்

படுகையின் அடியில் எண்ணெயும் எரிவளியும் உள்ளன. நரிமணம் பகுதியில் எண்ணெய் எடுக்கப்படுகிறது. நாகப்பட்டினம் அருகே 1993இல் சுத்திகரிப்பு ஆலை நிறுவப்பட்டது. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. நிலத்தடி நீரை வெளியேற்றியே இவ்வளியை எடுக்க இயலும் என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தார். அப்பணியின்போதே 2013 திசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஐதரோகார்பன் திட்டத்திற்கு எதிராகவும், கும்பகோணம் அருகேயுள்ள கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை ஒட்டியும் மக்கள் போராடினர். இவற்றின் தொடர்ச்சியாக 2020 பெப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் (அப்போதைய நாகப்பட்டினத்தில் மயிலாடுதுறையும் அடங்கும்) கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதன்கீழ் வந்தன. புதிய எண்ணெய், எரிவளி, நிலக்கரித் திட்டங்கள் தடை செய்யப்பட்டன. முன்னரே நடைமுறையில் இருந்த திட்டங்களை இச்சட்டம் பாதிக்காது. திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் சேர்க்கப்படாததும் குறையாகச் சுட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகள் நடுவண் அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன.

இயற்கைச் சீற்றங்கள்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடல்நீர் புகுந்த வயல்கள் உவர் நிலமாயின. 2018 ஆகத்து 22 அன்று, காவிரியில் பெருவெள்ளம் வந்த நேரத்தில், முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று வேதாரணியம் அருகே கரை கடந்த கசா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகளை அழித்தது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பயிர் கருகியதைக் கண்டு மனமுடைந்த உழவர்கள் பலர் இறந்தனர். அவ்வாண்டு மார்ச்சு முதல் பி. அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு உழவர்கள் தில்லியில் மண்டை ஓடுகளுடன் போராடியது நாடெங்கும் கவனம் பெற்றது.

யார் விவசாயி?

2017ஆம் ஆண்டு வறட்சி நிவாரணம், படுகைச் சமூகத்தின் அமைப்பை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு ஆகும். பயிரிழந்தோருக்கு நிவாரணம் நிலப்பரப்பின்படி கணக்கிடப்பட்டது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நிலமற்ற தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்டதோ, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை நாட்களை 100இலிருந்து 150ஆக உயர்த்துவது. வயல் கருகியபோது இருவரும் வருவாய் இழந்தனர். ஒருவரது இழப்பு நிவாரணமாகவும் மற்றவரது இழப்பு வேலையாகவும் ஈடு செய்யப்பட்டது.

இவ்விருவருக்கும் இடையில் வாய்மொழிக் குத்தகைதாரர் உள்ளனர். கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்பனை ஆகியவற்றிற்குச் சிட்டா, அடங்கல் போன்ற ஆவணங்கள் தேவைப்படுகின்றன. உரிமை கோரிவிடுவார் என்ற அச்சத்தால் நிலவுடைமையாளர் பலர் குத்தகையைப் பதிவு செய்ய விரும்புவதில்லை. ஆகவே உழுபவர் ஒருவராகவும், பதிவேட்டில் விவசாயி மற்றொருவராகவும் அமைவதுண்டு. குத்தகைதாரரைக் காக்க எழுந்த சட்டமே குத்தகை பதிவாகாமைக்கு ஒரு காரணமாயிற்று.

வேலையின் தன்மையும் மாறியுள்ளது. அறுவடை இயந்திரங்கள் பரவியதால் அறுவடைக் கூலியாகக் கிடைத்த நெல் குறைந்தது. இளைஞர் திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர் எனச் செல்கின்றனர். அண்மைக் காலத்தில் மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் குழுக்கள் படுகையில் நாற்று நடுகின்றன. பெண்களின் நடவுப் பணியும், அதனோடு இணைந்த நடவுப் பாடல்களும் இதனால் அருகி வருகின்றன.

பண்பாடு

படுகையின் பண்பாடு பல மொழியினரும் சமயத்தினரும் சேர்ந்து உருவாக்கியது. சோழருக்குப் பின் தெலுங்கு பேசிய நாயக்கரும், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மராட்டியரும் தஞ்சாவூரை ஆண்டனர். சரசுவதி மகால் நூலகம் இம்மரபின் எச்சமாகும். நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில், திருவாரூர் ஆழித்தேர், தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் ஆகிய யாவும் குறுகிய தொலைவுக்குள் அமைந்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் சேர்க்கப்பட்டன.

இசையிலும் சமயத்திலும் மொழி குறித்த விவாதம் இப்பகுதியில் பலமுறை எழுந்துள்ளது. 1946இல் திருவையாறு தியாகராசர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் பாடியதை ஒட்டி எழுந்த சர்ச்சை தமிழிசை இயக்கத்தின் வரலாற்றில் இடம் பெற்றது. 2020 பெப்ரவரி 5 அன்று பெரிய கோயில் குடமுழுக்கு, உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்துத் தமிழிலும் சமற்கிருதத்திலும் நடந்தது. ஆராதனை வரலாற்றில் மற்றொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பியவரும், அங்கு பெண்கள் பாடும் உரிமைக்காகப் போராடியவருமான பெங்களூர் நாகரத்தினம்மாள், கபினிக் கரையிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர்.

இலக்கியத்தில் கு. ப. ராசகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, தி. சானகிராமன், எம். வி. வெங்கட்ராம், தஞ்சை பிரகாசு முதலியோர் இப்பகுதியோடு தொடர்புடையவர்கள். தி. சானகிராமனும் சிட்டியும் காவிரியின் போக்கில் பயணம் செய்து எழுதிய நூல் நடந்தாய் வாழி காவேரி. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல், சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் ஆகிய புதினங்கள் கீழ்வெண்மணியைப் பின்புலமாகக் கொண்டவை. குருதிப்புனல் 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம், கருப்புக் கவுனி போன்ற மரபு நெல் இரகங்களைத் திரட்டிப் பரப்பும் இயக்கமும் இங்கு வேரூன்றியது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் திருவிழாக்களை நடத்திய நெல் செயராமன் (இறப்பு: 2018) 170க்கும் மேற்பட்ட இரகங்களை மீட்டார். வெள்ளத்தையும் உவரையும் தாங்கும் சில பழைய இரகங்கள் கடைமடைப் பகுதிக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன.

ஆடி மாதம் 18ஆம் நாள் ஆற்றங்கரைகளில் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கு, புதுநீரை வரவேற்கும் விழா. அணைத்திறப்பு தாமதமாகும் ஆண்டுகளில் மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாய் நீரிலும் மக்கள் இவ்விழாவைக் கொண்டாடுவதுண்டு.

பிற படுகைகளுடன் ஒப்பீடு

ஆற்றின் கடைசியில் வாழ்ந்து, மேலேயுள்ளோரின் முடிவுகளுக்குக் காத்திருக்கும் நிலை காவிரிப் படுகைக்கு மட்டும் உரியதன்று. நைல் ஆற்றில் எத்தியோப்பியா கட்டிய பேரணை குறித்து எகிப்தும், மேக்கோங் ஆற்றின் மேற்பகுதி அணைகள் குறித்து வியட்நாமும் இத்தகைய கவலையைத் தெரிவித்துள்ளன. அவை தனித்தனி நாடுகள். காவிரியில் பங்காளிகள் ஒரே நாட்டின் மாநிலங்களாதலால், இங்கு தீர்ப்பு வழங்க நீதிமன்றமும் அதனைச் செயல்படுத்த ஆணையமும் உள்ளன. எல்லையில் வந்து சேரும் நீரை அளப்பது அவற்றின் பணி. அந்நீர் கடைமடை வரை செல்வதும், விளைச்சலின் பயன் குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளருக்கும் சேர்வதும் தமிழ்நாட்டின் பொறுப்பிலேயே உள்ளன.